ஹைட்ரஜன் காருக்குப் பரஸ்தானம்

பாடம் நடத்துகிறவர்களுக்குத் தங்கள் பாடத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நம்பிக்கை இருந்திருந்தால், 'சூடான வாயு ஆறும்போது அதன் அழுத்தம் குறையும்' என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிற நான், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மார்த்தாண்டம் தாண்டி நடுவழியில், வயதான அப்பாவை வைத்துக்கொண்டு, ஓடாத ஒரு காருக்குப் பக்கத்தில் நின்றிருக்க மாட்டேன். அப்பாவும் போய்ச் சேர வேண்டிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருப்பார். இப்படி எழுதவும் எதுவும் இருந்திருக்காது. இல்லாமல் போயிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எனக்கு வேலை. எங்கள் துறைக்கு ஆராய்ச்சிக்கென்று ஒரு ஹைட்ரஜன் கார் இரவலாக வந்தது. தொட்டியில் இருக்கிற ஹைட்ரஜனும் வெளிக்காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் சேர்ந்து உள்ளே மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரத்தில் வண்டி ஓடும். புகைக்குப் பதிலாகப் பின்னாலிருந்து சுத்தமான தண்ணீர் சொட்டும். சத்தம் என்பது மருந்துக்கும் கிடையாது. அந்த வண்டிக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். (என் திறமையைப் பார்த்துத்தான் போட்டார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர் பக்கத்தில் போக வேறு யாரும் தயாராக இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

நாங்கள் இருப்பது வலியசாலையில். ஒரு வீட்டில் பால் பொங்கினால் அடுத்த வீட்டில் அடுப்பை அணைப்பார்கள், அவ்வளவு ஒட்டி ஒட்டி வீடுகள். அந்தத் தெரு முழுவதும் நான் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன். "அஞ்சு நிமிஷத்துல நிரப்பிடலாம் மாமி. ஒரு தடவை நிரப்பினா அறுநூறு கிலோமீட்டர் போகும்." இரண்டுமே உண்மைதான். ஆனால் அதற்கு, வெளிக்காற்றைப்போல எழுநூறு மடங்கு அழுத்தத்தில், முன்கூட்டியே குளிரவைத்த வாயுவை, அதற்கென்றே கட்டிய நிலையத்தில் நிரப்ப வேண்டும். எங்கள் ஊரில் எங்களுக்குக் கிடைக்கிற மாதிரி அப்படி ஒரு நிலையம் இல்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் கல்லூரியின் பின்புறம் கம்பிவேலிக்குள் நிறுத்திய ஒரு வரிசை சிலிண்டர். அதிலிருந்து குழாய் போட்டுக் காருக்கு விடுவோம். சிலிண்டரின் அழுத்தம் காரின் அழுத்தத்தைவிட அதிகமாக இருக்கும்வரை வாயு போகும், இரண்டும் சமமானதும் நின்றுவிடும். பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் பிறகு குழாயைத் திறந்து என்ன பிரயோஜனம், அந்தக் கதைதான்.

அந்தக் காரின் தொட்டி ஐந்து கிலோவுக்கு மேல் கொள்ளும். (பெட்ரோல் மாதிரி லிட்டர் கணக்கு இல்லை, அரிசி மாதிரி கிலோ கணக்கு.) எங்கள் சிலிண்டர்கள் முக்கி முனகி ஒரு கிலோ சொச்சம் கொடுக்கும். எங்களிடம் இருந்த காலம் முழுவதும் அந்த வண்டி ஒரு நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை. இதை நான் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் நேரம் பார்க்காமல் வாசற்படி தாண்ட மாட்டார். நேரம் சரியில்லாத நாளில் ஊருக்குப் போக வேண்டி வந்தால் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி, பக்கத்தில் யார் வீட்டிலாவது போய் இருந்துகொள்ள வேண்டியது. அதோடு பயணம் ஆரம்பித்தாகிவிட்டது என்று கணக்கு. பிறகு அங்கிருந்து சௌகரியப்பட்டபோது போகலாம். அப்பா பாதி இந்தியாவை இப்படித்தான் சுற்றினார். எல்லாப் பயணமும் அடுத்த வீட்டில்தான் தொடங்கும்.

இந்தப் பரஸ்தானம்தான் அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் நடுவில் வந்து விழுந்தது. அக்கா என்றால் என் அத்தை. சுசீந்திரத்தில் கொடுத்திருந்தது. அத்தையின் ஒரே பெண் மீனாட்சிக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்களில் மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டியவர் அம்மான், அதாவது தாய்மாமா, அதாவது என் அப்பா. அம்மாவும் நானும் முன்னாடியே போய்விட்டோம். அப்பா முந்தின நாள் நல்ல நேரத்தில் கிளம்பி, கரமனையில் ஒரு சிநேகிதர் வீட்டில் பரஸ்தானம் இருந்தார். (வலியசாலையிலிருந்து கரமனைக்கு நடந்தே போகலாம். காய் வாங்கப் போகிற தூரம்.) கிளம்பியாகிவிட்டது என்ற நிம்மதியில் அங்கே அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டார். அவர் மண்டபத்துக்கு வந்தபோது மாலையும் மாற்றியாகிவிட்டது, தாலியும் கட்டியாகிவிட்டது. யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் மீனாட்சியைத் தூக்கியிருந்தார்.

அத்தை வாசலில் வந்து அப்பாவைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அதன் பிறகு அவரோடு பேசவில்லை. என் அம்மா காலமானபோது வந்தாள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமலே பஸ் ஏறிவிட்டாள்.

இத்தனை வருஷம் கழித்து அந்த வெள்ளிக்கிழமை காலையில் மீனாட்சி போன் செய்தாள். அத்தைக்கு மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள், இன்றோ நாளையோ.

"அம்மா கேட்டுண்டே இருக்கா, ராஜி. அம்பி எங்க, அம்பி எங்கங்கறா. மாமாவை அழைச்சுண்டு வந்துடு."

அம்பி என்பது என் அப்பா. அவரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி இருந்தாள். போனை வைத்துவிட்டு நான் சொன்னதும் அப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "டாக்சிக்குச் சொல்லு" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தம்பானூரில் போய் நின்றால் நாகர்கோவில் பஸ் வந்துகொண்டேதான் இருக்கும், ரயில்கூட உண்டு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்சி எதுக்குப்பா? நம்ம வண்டி இருக்கே!"

நம்ம வண்டி. கல்லூரிக்கே அது சொந்தமில்லை. ஆனால் எனக்கு ஒரு ஆசை. என் வேலையை அப்பா "சிலிண்டர் பார்த்துக்கற வேலை" என்றுதான் வெளியில் சொல்லுவார். (ஊரில் நிறையப் பேர் நான் காஸ் ஏஜென்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.) அந்தக் காரில் அவரை உட்காரவைத்து, சத்தமில்லாமல் சுசீந்திரத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ள வேண்டும். 'நான் பெற்ற பெண் கொண்டுவந்து சேர்த்தாள்' என்று அப்பா சொல்ல வேண்டும். மரணப் படுக்கையில் ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது என் புத்தி இப்படிப் போயிற்று.

கல்லூரிக்கு ஓடினேன். துறைத் தலைவர் ஜேக்கப் சாருக்குப் போன் போட்டு, வயதானவர்களை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்கிற சோதனை என்று ஒரு பெயரும் சூட்டினேன். அவர் ஏதோ மீட்டிங்கில் இருந்தார்.

"சிட்டிக்குள்ளே ஓடிச்சோளூ டீச்சரே. பார்டர் கடக்கணுமெங்கில் மீட்டிங் கழிஞ்ஞு பறயாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஊருக்குள் ஓட்டலாம், கேரள எல்லை தாண்டுவதைப் பற்றி மீட்டிங் முடிந்த பிறகு சொல்கிறேன் என்று அர்த்தம்.

அவசரத்தில் குழாயை மாட்டி வால்வை நன்றாகத் திறந்துவிட்டேன். மெதுவாக விட வேண்டும் என்று நானே எழுதி ஒட்டிய காகிதம் எதிரிலேயே இருந்தது. வேகமாக அடைத்தால் வாயு சூடாகும். சூடான வாயு உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாகப் பந்தா காட்டும். சிலிண்டர்ப் பக்கத்து அழுத்தமானி முள் நல்ல உயரத்துக்கு வந்து நின்றது, எனக்குச் சந்தோஷம், குழாயைக் கழற்றினேன். உள்ளே போனது கொஞ்சம், காட்டியது நிறைய. அன்றைய நிலைமையில் நானும் அந்த வாயுவும் ஒன்றுதான்.

தெருவுக்கு வண்டியைக் கொண்டுவந்தபோது ராகுகாலம் தொடங்கப்போகிற நேரம். அப்பா பையோடு வாசலில் தவித்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஏறிக்கொண்டார்.

"அப்பா, ஜேக்கப் சார் இன்னும் சரின்னு சொல்லலை. கொஞ்சம் காத்துண்டிருக்கணும்."

"அதனாலென்ன? தெருமுனைல கொண்டுபோய் நிறுத்து. சரசா ஆத்து வாசல்ல. பரஸ்தானம் ஆயிடும்."

அப்படியே செய்தேன். ஒரு மனிதர் பரஸ்தானம் இருப்பது உண்டு. ஹைட்ரஜன் கார் பரஸ்தானம் இருந்தது எங்கள் தெருவில்தான். நிறுத்திவிட்டு வண்டியை அணைக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"அணைக்கப்படாது! கிளம்பின வண்டியாக்கும். நடுவுல அணைச்சா கிளம்பாத மாதிரின்னா ஆயிடும்?"

"பெட்ரோல் வண்டியா அப்பா இது..."

"சத்தமே இல்லையே. சத்தமில்லாம நிக்கற வண்டி என்னத்தைச் சாப்பிடப் போறது?"

சரி என்று விட்டேன். (இது ஒரு பொறியியல் பேராசிரியை விட்டது.) ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வெளியில் வெயில் பொசுக்கியது. சரசா மாமி விசாரிக்க வந்தாள். நின்றுகொண்டு பேசினால் நன்றாக இருக்காது என்று பின்சீட்டில் உட்காரச் சொன்னேன். மாமிக்குக் குளிர்ச்சி பிடித்துப்போயிற்று. மாமியின் நாத்தனாரும் வந்தாள். ஒருவர் இறங்க ஒருவர் ஏற, அத்தையைப் பற்றி விசாரிக்கிற சாக்கில் பாதித் தெரு அந்தக் காருக்குள் வந்து குளிர்காற்று வாங்கியது. "எத்தனை சுகமா இருக்கு! வண்டி ஓடறதா, நிக்கறதா, ஒண்ணுமே தெரியலையே!" என்றாள் மாமி. வண்டி தின்றுகொண்டிருந்தது எனக்கும்தான் தெரியவில்லை. அடியில் மட்டும் தண்ணீர் சொட்டிச் சொட்டி, மாமி காலையில் போட்டிருந்த கோலத்தை அழித்துக்கொண்டிருந்தது.

நடுவில் மீனாட்சி போன் செய்தாள். அப்பாவே எடுத்தார். "கிளம்பியாச்சும்மா" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் கிளம்பியாகிவிட்டது. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன்.

மத்தியானம் ஜேக்கப் சார் சரி என்று சொன்னார். வண்டியை எடுத்தபோதுதான் இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று காட்டுகிற எண்ணைப் பார்த்தேன். வாயு ஆறி, ஏ.சி. தின்று, அது பாதியாகியிருந்தது. சுசீந்திரம் வரைக்கும் போதும், போதாமலும் இருக்கலாம் என்கிற மாதிரி ஒரு எண். 'போற வழியில பார்த்துக்கலாம்' என்று நினைத்தேன். பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகிய புத்தி. போகிற வழியில் என்ன இருக்கிறது? பாலராமபுரத்தில் கைத்தறி வேட்டி இருக்கிறது. ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது?

பாலராமபுரத்தில் நெரிசல், நெய்யாற்றின்கரையில் அதைவிட நெரிசல். களியக்காவிளையில் நான் ஏ.சி.யை அணைத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"என்னடீ இது, நின்னுண்டிருந்தபோது குளுகுளுன்னு இருந்தது, ஓடறச்சே வேர்க்கறது?" என்றார் அப்பா.

"வெளிக்காத்து நல்லதுப்பா."

குழித்துறையில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்பா அது என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மார்த்தாண்டத்தில் வண்டிக்குள் மணி அடித்தது. அதுவும் ஒன்றுமில்லை என்றேன். மார்த்தாண்டம் தாண்டி ஒரு ஏற்றத்தில் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ஓரமாக ஒதுக்கினேன். வண்டி ஒரு சின்னப் பெருமூச்சு விட்டது. பிறகு அடியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிட்டது. ஓடும்போதும் சத்தமில்லாத வண்டியாகையால் அப்பாவுக்கு நின்றது தெரியவில்லை. "ஏன் நகரமாட்டேங்கறது, முன்னால ஏதாவது ஊர்வலமா?" என்றார்.

முதலில் வந்தவர் ஒரு ஆட்டோக்காரர். அடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அக்கா, டேங்கு ஓட்ட! பெட்ரோலு ஒழுகுது!"

"பெட்ரோல் இல்லண்ணே, தண்ணி."

விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "அப்போ ரேடியேட்டரு போச்சு."

"ரேடியேட்டர் இல்ல. எரிபொருள் தீந்துபோச்சு."

அவருக்கு முகம் மலர்ந்தது. "இவ்வளவுதானா? ஒரு குப்பி தாங்க, பங்க்ல வாங்கிட்டு வாறேன்."

இது பெட்ரோல் வண்டி இல்லை, ஒருவகை வாயுவில் ஓடுகிறது என்றேன். அதற்கும் பங்க் உண்டு என்றார். அந்த வாயு இல்லை என்றேன். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர், காற்றுதானே, பஞ்சர்க் கடையில் கம்ப்ரசர் இருக்கிறது, அடித்துவிடலாம் என்றார். இன்னொருவர், வெல்டிங் கடையில் இரண்டு சிலிண்டர் நிற்கிறது, எது வேண்டும் என்று பார்த்து எடுத்துக்கொள்ளலாமே என்றார். மூன்றாமவர், திருவிழாவில் பலூன் ஊதுகிறவன் வைத்திருப்பது இந்தச் சாதனம்தானே என்று கேட்டார். அவர் சொன்னது ஏறக்குறையச் சரி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பலூன்காரன் வீடு எங்கே என்று ஒரு கணம் கேட்கப் போனேன். அப்புறம்தான் அழுத்தம், சுத்தம், என் படிப்பு எல்லாம் ஞாபகம் வந்தது.

ஆட்டோக்காரர் கார் ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்தார். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அப்போ வண்டியப் பொறவு பாக்கலாம். ஐயாவ நான் சுசீந்திரத்துல கொண்டு விடுதேன். வாங்க ஐயா."

அப்பா என்னைப் பார்த்தார். போகட்டுமா என்று கேட்கிற பார்வை. கால் பாதி வெளியே வந்துவிட்டது.

அந்த இடத்தில் நான் சொன்னதை எத்தனையோ தடவை மனசுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்று சொன்னது இதுதான்: "வேண்டாம்பா. நாகர்கோவில்லேர்ந்து ரெக்கவரி வண்டிக்குச் சொல்லியாச்சு. பத்து நிமிஷத்துல வந்துடும். வண்டியையும் ஏத்திண்டு சேர்ந்தே போயிடலாம்." நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆட்டோவில் போய் அவர் இறங்கினால், நான் இத்தனை நாள் பேசியதெல்லாம் என்ன ஆவது?

அப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பத்து நிமிஷம் என்று சொன்ன ரெக்கவரி வண்டி வரவில்லை. விஷயம் தெரிந்து ஜேக்கப் சார் போனில் வந்தார். "டீச்சரே, வண்டி அவிடே இட்டிட்டு போகல்லே கேட்டோ. அடுத்து ஆரும் பீடி வலிக்கல்லே. சூக்ஷிக்கணே!" வண்டியை விட்டுவிட்டு நான் நகரக் கூடாதாம், பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாதாம். நான் அப்படியே கூட்டத்தைப் பார்த்துக் கத்தினேன்: "யாரும் பக்கத்துல பீடி பிடிக்காதீங்க!"

"ஏன், வெடிக்குமா?" என்றார் ஒருவர்.

'அப்படிச் சுலபமாக வெடிக்காது, கசிந்தால் மேலே போய்விடும், தொட்டி கெட்டியானது' என்று சொல்ல ஆரம்பித்தேன். (வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.) முதல் வாக்கியம் முடிவதற்குள் கூட்டம் கலைந்தது. பீடிக்காரர் பீடியை மிதித்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். ஆட்டோக்காரர் நல்லவர், தூரத்தில் போய் நின்று, "ஐயாவ இங்க நடத்திக் கொண்டு வாங்க, நான் பக்கத்துல வரமாட்டேன்" என்று கத்தினார். பிறகு சவாரி வந்து அவரும் போய்விட்டார். வருகிற ஆட்டோவுக்கெல்லாம் ரோட்டோரத்துக் கடைக்காரர் ஒருவரே கைகாட்டி விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அப்பாவை ஏற்றிவிடலாம் என்று எனக்குப் புத்தி வந்தபோது எங்கள் அருகில் நிற்க ஒரு வண்டியும் இல்லை. கை நீட்டினேன். பஸ்கள் விலகிப் போயின.

மீனாட்சி மறுபடி கூப்பிட்டாள். அப்பா எடுக்காமலே போனை என்னிடம் நீட்டினார்.

"எங்க இருக்கேள்?"

"மார்த்தாண்டம் தாண்டி. வண்டி நின்னுடுத்து. ஹைட்ரஜன் தீந்துபோச்சு."

"என்னது தீந்துபோச்சு?"

விளக்கினேன். தண்ணீர் கொட்டுவதையும் சொன்னேன். அவள் அதைப் பக்கத்தில் யாரிடமோ திருப்பிச் சொல்வது கேட்டது. "சீக்கிரம் வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கிளம்பினது நல்ல நேரம்தான்" என்று மெதுவாகச் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. எனக்கு அந்தக் காரை ஏறி மிதிக்க வேண்டும்போல இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு ரெக்கவரி வண்டி வந்தது. அதன் டிரைவர் முதலில் கேட்ட கேள்வி, "சாச்சு ஏத்துனா வெடிக்குமா?" இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்தேன். கார் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. நாங்கள் டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தோம். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டார்.

சுசீந்திரத்தில் அத்தை வீட்டுத் தெரு குறுகல். அந்தப் பெரிய வண்டி, தலையில் வெள்ளைக் காரைத் தூக்கிக்கொண்டு, கோயில் தேர் மாதிரி ஆடி ஆடி உள்ளே நுழைந்தது. வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் காரைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் எதற்காக வாசலில் நிற்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கு இறங்கிய பிறகுதான் புரிந்தது.

மீனாட்சி வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இப்பத்தான் மாமா. விளக்கு ஏத்தற நேரத்துக்கு."

அப்பா உள்ளே போய் அத்தையின் கால்மாட்டில் உட்கார்ந்தார். பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. பிறகு, "என்னைக் கேட்டாளா?" என்றார்.

"கேட்டுண்டே இருந்தா. காலம்பற 'கிளம்பியாச்சு'ன்னேளே, அதைச் சொன்னேன், சரின்னா. அப்புறம் ராஜி சொன்னதைச் சொன்னேன், வண்டி நடுவழியில தண்ணி விட்டுண்டு நிக்கறதுன்னு. சிரிச்சா மாமா. சிரிச்சுண்டே சொன்னா, 'அம்பி கிளம்பறதுக்கு நேரம் பார்ப்பான். வந்து சேர நேரம் பார்க்கமாட்டான்'னு. அதுக்கப்புறம் பேசலை."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குக்கூட எல்லோருக்கும் எதிரில் அழவில்லை. நான் கதவோரம் நின்றேன். வெளியில் ரெக்கவரி டிரைவர், காரை எங்கே இறக்குவது என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் எனக்கு மெமோ கிடைத்தது. கார் கொஞ்ச நாளில் இரவல் கொடுத்தவர்களிடமே திரும்பிப் போயிற்று. கல்லூரிப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் இன்னும் போகவில்லை. (அதை இங்கே எழுதுவதாக இல்லை.) குடும்பத்திலோ, போனில் யாராவது "கிளம்பியாச்சு" என்று சொன்னால் போதும், "கிளம்பினதெல்லாம் இருக்கட்டும், வண்டியில காத்து இருக்கா?" என்று கேட்காத ஆள் கிடையாது. கல்யாணம், சீமந்தம், எதற்குப் போனாலும் என்னைப் பார்த்ததும் யாராவது ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, "டேங்க்ல ஊத்தவா?" என்பார்கள். நானும் சிரிப்பேன். அப்பா முன்னால் மட்டும் யாரும் சொல்வதில்லை.

அத்தையின் வருஷாப்திகம், முதல் வருஷத் திதி, வந்தது. அப்பா தனியாகவே போகிறேன் என்றார். நான் தடுக்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் அவர் இல்லை, பையும் இல்லை. சரசா மாமி வீட்டிலும் இல்லை. தேதியைப் பார்த்தேன், திதி மறுநாள்தான். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், பயணத்துக்கு ஆகவே ஆகாத நாள். பயந்துபோய் மீனாட்சியைக் கூப்பிட்டேன்.

"இங்கதான் இருக்கார். ஒரு நாள் முன்னாடியே வந்து உட்கார்ந்துண்டிருக்கார். 'மாமா, நாளைக்குன்னா திதி'ன்னேன். தெரியும்ங்கறார். இரு, அவர்கிட்ட தரேன்."

போன் கை மாறியது.

"வந்தாச்சு" என்றார் அப்பா.